துடிக்கும் இதயத்தில் தையல்: ஸ்டெபிலைசர் கருவிகள் உண்மையில் எதைப் பிடித்து நிறுத்துகின்றன?

இளங்கருவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். உயிர்மருத்துவப் பொறியியல் முதுகலை மாணவனாகிய நான், இதயத்தை நிறுத்தாமலேயே செய்யப்படும் பைபாஸ் அறுவை சிகிச்சையின் கருவிகளை என் ஆய்வேட்டுக்காகப் படித்து வருகிறேன். தமனியின் இருபுறமும் இதயப் பரப்பைப் பற்றிக்கொண்டு, தைக்க வேண்டிய இடத்தை மட்டும் அசையாமல் வைக்கும் ஸ்டெபிலைசரே என் முதன்மைப் பொருள். அதன் வகைகளும் படங்களும் நூல்களில் கிடைக்கின்றன. அறுவை அரங்கில் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் அவற்றிலிருந்து விளங்கவில்லை.

உறிஞ்சிப் பிடிக்கும் வகையில் சுமார் 400 மி.மீ. பாதரச அளவுக்கு எதிர்மறை அழுத்தம் (உறிஞ்சும் அழுத்தம்) கொடுக்கப்படுவதாகப் படித்தேன். நிமிடக்கணக்கில் அப்படிப் பற்றியிருந்தால் இதயத் தசைக்குக் கேடு வராதா? முன்புறத் தமனிக்கு இது பொருந்துவது புரிகிறது. இதயத்தின் பக்கவாட்டிலும் பின்புறத்திலும் உள்ள தமனிகளை எப்படி அணுகுகிறீர்கள்? கருவிகள் இவ்வளவு தேர்ச்சி பெற்ற பிறகும், அறுவையின்போது இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் ஏற்றுக்கொள்ளும் இதய-நுரையீரல் இயந்திரத்தை ஏன் கைவிட முடியவில்லை? கடைசியாக, இதயத்தைப் பிடித்து நிறுத்துவதற்குப் பதில், துடிப்போடு சேர்ந்து அசையும் ரோபோ கையைக் கொண்டு தைக்கலாம் என்னும் யோசனை நடைமுறைக்கு ஏற்றதா? இத்துறையில் பணிபுரிவோர் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நுண்தையல் எழுதியது:

நண்பருக்கு வணக்கம். நான் இதய அறுவை மருத்துவர். உங்கள் கேள்விகளில் இரண்டாவதுதான் மிக முக்கியமானது என்பது என் கருத்து. எனினும் முதலிலிருந்தே தொடங்குகிறேன்.

துடிக்கும் இதயத்தில் தைப்பது கருவிகள் வந்த பிறகு தோன்றிய வழக்கமன்று. 1964 பிப்ரவரியில் லெனின்கிராடில் வசிலி கொலெசோவ் உள்மார்புத் தமனியை இதயத் தமனியோடு இணைத்துத் தைத்தபோது, அவர் இதய-நுரையீரல் இயந்திரத்தைப் பயன்படுத்தவில்லை. அதன்பின் இயந்திரத்தை ஓடவிட்டு இதயத்தை நிறுத்திச் செய்யும் முறை எங்கும் பரவியது. அசையாத, இரத்தமற்ற இடத்தில் தைப்பது எளிது என்பதால் அதில் வியப்பில்லை. 1980-களில் புவெனஸ் அயர்ஸில் ஃபெதெரிக்கோ பெனெட்டியும் சாவோ பாவ்லோவில் எனியோ பஃபோலோவும் இயந்திரமில்லா முறைக்குப் புத்துயிர் கொடுத்தார்கள். அக்காலத்தில் மருந்தால் துடிப்பைக் குறைத்து, தமனியின் அருகே நூல் போட்டு இழுத்துப் பிடித்துக்கொண்டு தைப்பார்கள். வேலையின் பெரும்பகுதி கைத்திறனைச் சார்ந்திருந்தது. 1990-களின் நடுவில் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் கொர்னேலியஸ் போர்ஸ்ட் குழுவினர் உருவாக்கிய ஆக்டோபஸ் என்னும் உறிஞ்சுக் கருவியும், ஏறத்தாழ அதே காலத்தில் வந்த அழுத்திப் பிடிக்கும் கருவிகளும் இந்த நிலையை மாற்றின.

இப்போது 400 மி.மீ. பாதரசத்துக்கு வருவோம். எண்ணாகப் பார்த்தால் பயமுறுத்தும். விசையாக மாற்றிப் பாருங்கள். உறிஞ்சு கிண்ணத்தின் உள்விட்டம் 6 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் அதன் பரப்பு ஏறத்தாழ 28 சதுர மி.மீ.; 400 மி.மீ. பாதரசம் என்பது சுமார் 53 கிலோபாஸ்கல். ஆக, ஒரு கிண்ணம் பற்றும் விசை ஒன்றரை நியூட்டன் அளவே. இரு கைகளிலும் சேர்த்து எட்டுக் கிண்ணங்கள் இருந்தால் 12 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 1.2 கிலோ எடையைத் தாங்கும் பிடி. கருவியை எடுத்தபின் இதயத்தின் மேல்பரப்பில் வட்ட வட்டமாகச் சிவந்த தடங்கள் தெரியும். அவை மேற்பரப்பில் கசிந்த இரத்தம் மட்டுமே. கொழுப்பு மிகுந்த இதயத்தில் கிண்ணங்கள் நழுவி, காற்று நுழைந்து பிடி விடுவதுதான் நாங்கள் அன்றாடம் எதிர்கொள்ளும் தொல்லை. குழாயில் காற்று உறிஞ்சப்படும் ஓசை மாறியதுமே கையிலுள்ள ஊசியை நிறுத்திவிடப் பழகிக்கொள்கிறோம்.

அழுத்திப் பிடிக்கும் கருவி இதைவிட எளியது. கவைபோன்ற அதன் பாதம் தமனியின் இருபுறமும் தசையை அமுக்குகிறது. உறிஞ்சுக் குழாயோ பம்போ தேவையில்லை. உலோகத்தாலான வகைகளைக் கிருமிநீக்கம் செய்து மீண்டும் பயன்படுத்தவும் முடியும். முன்புறத் தமனியான எல்.ஏ.டி.க்கு அது போதும். பக்கவாட்டுச் சுவரில் அதே அழுத்தம் கீழறையை நசுக்கி, அது நிரம்புவதைத் தடுத்துவிடும். உறிஞ்சும் வகை இதயத்தைத் தன்பக்கம் இழுத்துப் பிடிப்பதால் அந்தத் தீங்கு குறைவு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ஒப்பிடும் கட்டுரைகளைப் படிக்கும்போது, எந்தச் சுவரில் சோதித்தார்கள் என்பதை முதலில் பாருங்கள்.

எந்த வகையானாலும் அசைவு முற்றிலும் நிற்பதில்லை. பற்றிய பகுதியிலும் ஓரிரு மில்லிமீட்டர் அசைவு எஞ்சியிருக்கும். நாம் தைக்கும் தமனியின் உள்விட்டமோ பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு மி.மீ.; நூல் 7-0 அல்லது 8-0 பாலிப்ரோப்பிலீன், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு கனம். எஞ்சிய அசைவு ஒரே சீராக, ஒரே திசையில் இருக்குமானால் கை அதற்குப் பழகிவிடும். ஒழுங்கற்ற துடிப்பு வந்தால்தான் தையல் தடுமாறும்.

இனி இரத்தம். தமனியைத் திறந்த கணமே வெட்டுவாய் நிறைந்துவிடும். வெட்டுவாய்க்கு முன்னே, இரத்தம் வரும் பக்கத்தில், மென்மையான சிலிக்கோன் நாடாவைச் சுற்றி இறுக்கலாம்; அல்லது இரு முனைகளிலும் சிறு குமிழ் உடைய மெல்லிய சிலிக்கோன் ஷன்ட் குழாயை வெட்டுவாய்க்குள் செருகலாம். ஷன்ட் வைத்தால் கீழ்ப்பகுதித் தசைக்கு இரத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். ஊசி எதிர்ச்சுவரைத் தவறிக் குத்துவதையும் அது தடுக்கும். ஆனால் ஷன்டின் உள்ஆரம் தமனியினுடையதில் பாதி என்றால், பொறியியல் மாணவரான உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அதே அழுத்தத்தில் அதன் வழியே செல்லக்கூடியது கொள்கையளவில் பதினாறில் ஒரு பங்கு. அளவுக்கு மீறிப் பெரிய ஷன்டைத் திணித்தால் தமனியின் உட்படலம் உரிந்துவிடும். கடைசித் தையலை இறுக்குவதற்குமுன் அதன் நடுவிலுள்ள இழையைப் பிடித்து வெளியே எடுத்துவிடுகிறோம்.

எஞ்சிய இரத்தக் கசிவை விலக்க, உப்புநீர்த் தூவலோடு கரியமில வாயுவை ஊதும் புளோயர் பயன்படுகிறது. காற்றுக்குப் பதில் கரியமில வாயுவை எடுப்பதற்குக் காரணம், அது இரத்தத்தில் பல மடங்கு வேகமாகக் கரைவதால் தமனிக்குள் குமிழ் அடைக்கும் ஆபத்து குறைகிறது என்பதே. அதற்காகத் தொடர்ந்து ஊதக் கூடாது. நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் அளவுக்கு வைத்து, ஊசி நுழையும் நொடிகளில் மட்டும் ஊதுவது நல்ல பழக்கம். பலமாக ஊதினால் தமனிச் சுவரின் அடுக்குகளே பிரிந்துபோகும்.

திரைக்கப்பால் எழுதியது:

மயக்கவியல் மருத்துவராக, பக்கவாட்டு, பின்புறத் தமனிகள் பற்றிய உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்வதே முறை. ஏனெனில் அறுவை மருத்துவர் இதயத்தைத் தூக்கும்போது விளைவு தெரிவது திரைக்கு இந்தப்பக்கம் உள்ள மானிட்டரில்.

பின்புறத் தமனியில் தைக்க வேண்டுமானால் இதயத்தின் நுனி கூரையைப் பார்க்கும்படி நிமிர்த்த வேண்டும். அப்படி நிமிர்த்தும்போது மெல்லிய சுவருடைய வலது கீழறைதான் முதலில் மடிந்து நசுங்குகிறது. வலது பக்கம் நிரம்பாவிட்டால் இடது பக்கத்துக்கு எதுவும் வந்து சேராது. இரத்த அழுத்தம் சட்டென்று சரியும். உட்ரெக்ட் குழுவில் பால் குருண்டெமான் பன்றிகளில் செய்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின. தலைப்பக்கம் தாழும்படி மேசையைச் சாய்த்தால் இழந்த வெளியேற்றத்தைப் பெருமளவு மீட்கலாம் என்பதையும் அவை காட்டின. நாங்கள் இன்றும் முதலில் செய்வது அதுதான். மேசையைத் தலைப்பக்கம் தாழச் சாய்த்து, வலப்பக்கம் திருப்பி, தேவையானால் நார்எபிநெஃப்ரின் போன்ற, அழுத்தத்தை உயர்த்தும் மருந்தைக் கொடுத்து, சராசரி இரத்த அழுத்தம் 65 அல்லது 70 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்கிறோம். அறுவை மருத்துவர் தம் பங்குக்கு வலது நுரையீரல் உறையைத் திறந்துவிட்டால், இதயத்தின் வலப்பக்கம் அந்த வெற்றிடத்துக்குள் சாய்ந்துகொள்ளும், நசுங்காது.

இதயத்தை நிமிர்த்துவதற்கு இரு வழிகள் உண்டு. பிரேசிலின் ரிகார்டோ லீமா பரப்பிய முறையில், இதய உறையின் பின்பகுதியில் ஆழமாக ஒரு தையல் போட்டு இழுத்தால், இதயம் தானாகவே மேலெழும். மற்றது ஸ்டார்ஃபிஷ் போன்ற பொசிஷனர் கருவி. இதய நுனியில் சிலிக்கோன் கிண்ணத்தை ஒட்டி, உறிஞ்சி, தொங்கவிடுகிறது. அடியிலிருந்து கையால் தள்ளித் தூக்குவதைவிட நுனியிலிருந்து தொங்கவிடுவது கீழறைகளின் வடிவத்தைக் குறைவாகவே குலைக்கிறது. எனினும் நுனியில் அண்மையில் மாரடைப்பு ஏற்பட்டிருந்தாலோ, சுவர் மெலிந்து புடைத்திருந்தாலோ, உள்ளே இரத்தக்கட்டி இருந்தாலோ அந்த இடத்தில் கிண்ணத்தை ஒட்டவே கூடாது.

எங்கள் பக்கத்துச் சிக்கல் ஒன்றையும் சொல்ல வேண்டும். இதயத்தைத் தூக்கிய நிலையில் ஈ.சி.ஜி. அலைகள் சிறுத்து, உருமாறிப்போகின்றன. அதில் தெரியும் மாற்றம் தசைக்கு இரத்தம் குறைந்ததாலா, இதயம் இடம் மாறியதாலா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. உணவுக்குழாய் வழியே எடுக்கும் எக்கோவிலும் (இதய அல்ட்ராசவுண்ட் படத்திலும்), இதயம் உதரவிதானத்தை விட்டு விலகுவதால் இரைப்பை வழிக் காட்சி மறைந்துவிடும். நிமிர்த்தும்போது இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வின் வளையம் கோணி, அதுவரை இல்லாத கசிவு தோன்றுவதையும் சில நேரம் பார்க்கிறோம். அழுத்தக் கோடும் எக்கோவும் அறுவை மருத்துவரின் குரலும் சேர்ந்துதான் எங்களுக்கு நிலைமையைச் சொல்கின்றன. "இப்போது தூக்குகிறேன்" என்று முன்கூட்டியே சொல்லாத மருத்துவரோடு எவ்வளவு நல்ல கருவி இருந்தும் பயனில்லை.

வலது இதயத் தமனியைத் தற்காலிகமாக அடைப்பதற்கு முன்பும் எச்சரிக்கை தேவை. துடிப்புக்கான மின்தூண்டலை மேலறையிலிருந்து கீழறைக்குக் கடத்தும் மேலறை-கீழறை முடிச்சுக்குப் பெரும்பாலோரில் இரத்தம் தருவது அதுவே. அத்தமனியில் அடைப்பு மிதமாக மட்டும் இருந்தால், மாற்றுவழி இரத்தவோட்டம் வளர்ந்திருக்காது; நாடாவை இறுக்கியவுடன் துடிப்பு மிகவும் குறைந்துபோகலாம். அதனால் மின்தூண்டலால் இதயத்தைத் துடிக்கவைக்கும் பேஸிங் கம்பிகளைத் தயாராக வைத்துக்கொண்டுதான் அதைத் தொடுகிறோம். முற்றிலும் அடைபட்ட தமனியை இறுக்குவது, முரணாகத் தோன்றினாலும், இதைவிடப் பாதுகாப்பானது.

பம்ப் ஓரம் எழுதியது:

நான் பெர்ஃபியூஷனிஸ்ட், அதாவது இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்குபவன். இதய-நுரையீரல் இயந்திரத்தை ஏன் கைவிட முடியவில்லை என்ற கேள்வி எங்கள் தொழிலைப் பற்றியது என்பதால் குறுக்கிடுகிறேன்.

இயந்திரமில்லா அறுவையிலும் நான் அரங்கில்தான் இருப்பேன். இயந்திரம் அருகிலேயே இருக்கும். ஆய்வுகள் தரும் எண்களைப் பாருங்கள். இயந்திர முறையையும் இயந்திரமில்லா முறையையும் ஒப்பிட்டு 2009-இல் வெளிவந்த ரூபி ஆய்வில், 2,203 பேரில், இயந்திரமில்லா முறையில் தொடங்கியவர்களில் 12.4 விழுக்காட்டினரை நடுவில் இயந்திரத்துக்கு மாற்ற நேர்ந்தது. அதேபோல் ஒப்பிட்டு 2012-இல் வெளிவந்த கரோனரி ஆய்வில், 4,752 பேரில், அந்த விழுக்காடு 7.9. நிதானமாக முடிவெடுத்து மாற்றுவது வேறு. அழுத்தம் விழுந்து, இதயத்தைக் கையால் பிசைந்துகொண்டே குழாய் செருகுவது வேறு. இரண்டாவது வகையில் இறப்பு விகிதம் பல மடங்கு உயர்கிறது. இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தும் இதில் கணக்கு: இயந்திரத்துக்குக் கிலோவுக்கு 300 அலகு அல்லது அதற்குமேல் கொடுப்போம், இயந்திரமில்லா முறையில் பல இடங்களில் அதில் பாதியே கொடுக்கிறார்கள். ஆகவே திடீரென மாற்ற வேண்டுமானால் மீதி ஹெப்பாரினை உடனே கொடுத்து, உறைவு நேரத்தைப் பார்த்த பிறகே பம்பைத் தொடங்க முடியும். அந்த நிமிடங்கள் நீண்டவை.

பலர் மறந்துவிடும் இன்னொரு செய்தி: இயந்திரத்தில் வெப்பப் பரிமாற்றி இருக்கிறது, அது இல்லாதபோது மார்பு திறந்து கிடக்கும் நோயாளி மெல்லக் குளிர்ந்துகொண்டே போவார். குளிர்ந்த இதயம் ஒழுங்கற்றுத் துடிக்கத் தொடங்கும். அரங்கின் வெப்பத்தைக் கூட்டுவதும் வெதுவெதுப்பான திரவங்களைக் கொடுப்பதும் அதற்காகவே.

இரண்டுக்கும் இடைப்பட்ட வழியும் உண்டு. இயந்திரத்தை ஓடவிட்டு, இதயத்தை நிறுத்தாமல், அதன் சுமையை மட்டும் குறைத்துக்கொண்டு ஸ்டெபிலைசரோடு தைப்பது. வலுக்குறைந்த இதயங்களுக்கு இதைச் சில குழுக்கள் விரும்பிச் செய்கின்றன.

இளங்கருவி எழுதியது:

மூவருக்கும் என் நன்றி. விசையைக் கணக்கிட்டுக் காட்டியது மிகவும் உதவியது. எனினும் ஓர் ஐயம் நீடிக்கிறது. இந்த ஆய்வுகளின் முடிவு கருவிகளுக்கு எதிராகத்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா? ரோபோ பற்றிய கேள்விக்கும் விடை வேண்டுகிறேன். இவற்றோடு, என் மாதிரிக் கருவியை மேசைச் சோதனையில் எவ்வாறு மதிப்பிட வேண்டும் என்பதையும் சொல்ல முடியுமா?

நுண்தையல் எழுதியது:

ஆய்வுகளை அப்படி ஒரே வரியில் சுருக்கிவிட வேண்டாம். ரூபி ஆய்வில் ஓராண்டு முடிவில் இறப்பு, மாரடைப்பு, மறுசிகிச்சை ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தபோது இயந்திரமில்லா முறையில் 9.9 விழுக்காடும் இயந்திர முறையில் 7.4 விழுக்காடும் இருந்தன. இணைத்த குழாய்கள் திறந்திருந்த விகிதமும் 82.6-க்கு எதிராக 87.8 என்று இயந்திர முறைக்கே சாதகமாக இருந்தது. ஐந்தாண்டு முடிவில் இறப்பும் இயந்திரமில்லா முறையில் கூடுதலாக இருந்தது. ஆனால் அந்த ஆய்வில் பங்கேற்க ஒரு மருத்துவருக்கு இருபது இயந்திரமில்லா அறுவைகளின் அனுபவமே போதுமானதாகக் கொள்ளப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட அறுவைகளின் அனுபவத்தைக் கேட்ட கரோனரி ஆய்வில் முப்பது நாளிலும் ஐந்தாண்டிலும் முதன்மை முடிவுகளில் வேறுபாடு இல்லை. தொடக்க நாட்களில் இரத்தம் ஏற்றும் தேவையும் சிறுநீரகப் பாதிப்பும் இயந்திரமில்லா முறையில் குறைவாகவும், மறுசிகிச்சைத் தேவை சற்றே கூடுதலாகவும் இருந்தன. என் பார்வையில் இவை ஸ்டெபிலைசரைவிட அதைப் பயன்படுத்தும் குழுவின் பயிற்சியைத்தான் அளந்திருக்கின்றன. இம்முறையை எப்போதோ ஒருமுறை செய்பவர் அதைச் செய்யாதிருப்பதே நோயாளிக்கு நல்லது என்று நான் வெளிப்படையாகவே சொல்வேன்.

இயந்திரத்தைத் தவிர்த்துவிட்டாலே பக்கவாத ஆபத்தும் போய்விடும் என்ற எண்ணமும் சரியன்று. பெருந்தமனியின் சுவரில் சுண்ணாம்பு படிந்திருந்தால், காலிலிருந்து எடுத்த நாளத்தை அதில் இணைக்கும்போது போடும் பக்கக் கவ்வியே துகள்களைப் பெயர்த்து மூளைக்கு அனுப்பக்கூடும். அதைத் தவிர்க்க ஹார்ட்ஸ்ட்ரிங் போன்ற கருவிகள் உள்ளன; பெருந்தமனியில் துளையிட்டு, சுருட்டிய மெல்லிய மூடியை உள்ளே விரித்து அடைத்துக்கொண்டு, கவ்வி இல்லாமலேயே தைக்கலாம். இரு உள்மார்புத் தமனிகளையும் பயன்படுத்தி, பெருந்தமனியைத் தொடாமலேயே முடிப்பது அதனினும் சிறந்தது. துடிக்கும் இதயத்தில் தைப்பதன் முழுப் பயனும் அத்தகைய நோயாளிகளிடம்தான் தெரிகிறது.

ரோபோ யோசனை அழகானது. பல ஆய்வுக்கூடங்கள் இதற்காக உழைத்திருக்கின்றன. கேமரா அல்லது அல்ட்ராசவுண்ட் வழியே அசைவை அளந்து, அடுத்த துடிப்பைக் கணித்து, கருவியை அதனோடு நகர்த்தும் முறைகள் சோதிக்கப்பட்டன. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான ஹார்ட்லேண்டர் வேறு வழியில் சென்றது: இதயப் பரப்பின் மேல் உறிஞ்சு கிண்ணங்களால் ஒட்டிக்கொண்டு புழுவைப்போல் ஊர்ந்து செல்லும் சிறு கருவி அது, இதயத்தோடு சேர்ந்தே அசைவதால் அசைவை ஈடுசெய்ய வேண்டிய சிக்கலே அதற்கு இல்லை. விலங்குகளில் அது சோதிக்கப்பட்டது. ஆனால் பைபாஸ் தையலைப் பொறுத்தவரை, துடிப்பு சீராக இருக்கும்போது ஸ்டெபிலைசரே போதுமானதாக இருக்கிறது. துடிப்பு ஒழுங்கு தவறும்போதுதான் உதவி தேவை, கணிப்பு முறை தோற்பதும் சரியாக அப்போதுதான். இந்த முட்டுக்கட்டையை யாராவது உடைத்தால் நான் மகிழ்வேன்.

உங்கள் மேசைச் சோதனைக்கு வருகிறேன். மாணவர்கள் பெரும்பாலும் வழவழப்பான சிலிக்கோன் மாதிரியில் சோதித்து, அசைவு இவ்வளவு குறைந்தது என்று ஒரு வரைபடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். கொழுப்பு நீக்காத பன்றி இதயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஈரமாகவே வையுங்கள். கீழறைக்குள் பலூனை வைத்துத் துடிக்கச் செய்யுங்கள். எஞ்சிய அசைவை மூன்று அச்சுகளிலும் அளவிடுங்கள், ஏனெனில் பரப்பிலிருந்து மேலும் கீழும் எழும் அசைவுதான் ஊசியை அதிகம் ஏமாற்றும். கூடவே பலூனின் அழுத்தத்தையும் கொள்ளளவையும் பதிவு செய்யுங்கள்: அசைவை நன்றாக அடக்கி, கீழறை நிரம்புவதைக் கெடுக்கும் கருவி எங்களுக்குப் பயன்படாது. ஒரு கிண்ணத்தில் வேண்டுமென்றே காற்றை விட்டு, மற்றவை தொடர்ந்து பிடிக்கின்றனவா என்று பாருங்கள். மூட்டுகள் கோத்த கையைத் திருகி இறுக்கும்போது, உள்ளேயுள்ள கம்பி இழுபட்டு, முனை ஓரிரு மில்லிமீட்டர் விலகும். அந்த விலகலையும் அளவிட்டுக்கொள்ளுங்கள். சரியான இடத்தில் வைத்து இறுக்கிய பிறகு பாதம் தமனியின் மேலேயே ஏறிவிடுவது இதனால்தான்.

திரைக்கப்பால் எழுதியது:

என் சார்பில் ஒரு சேர்க்கை மட்டும். அழுத்தம் விழும்போது நான் கேட்பது ஒன்றே: இதயத்தைக் கீழே விடுங்கள். அப்போது திருகைத் தளர்த்தி, உறிஞ்சலை நிறுத்தி, கருவியை எடுத்து, இதயத்தைத் தன் இடத்தில் அமர்த்தச் சில நொடிகளே உண்டு. உங்கள் சோதனை அட்டவணையில் கழற்றும் நேரத்துக்கு ஒரு பத்தியைச் சேருங்கள். அதை ஈரக் கையுறையோடு, இடக்கையால், ஊசி இன்னும் நூலில் தொங்கிக்கொண்டிருக்கும் நிலையில் அளவிடுங்கள்.